கணக்கு நடமாடும் இடங்கள் – 7: மையத்துக்குப் போகாமலே

வட்டம் என்றதும் கவராயம்தான் நினைவுக்கு வரும். முள் ஊன்றிய இடம் மையம், பென்சில் ஓடிய தடம் பரிதி, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஆரம். பள்ளிக்கூடத்து வட்டம் மையத்தில்தான் பிறக்கிறது. வெளியே நாம் பார்க்கும் வட்டங்கள் பலவற்றில் மையத்துக்குப் போகவே வழியில்லை. ரயில் பாதை வளைவு அப்படிப்பட்டது. 350 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவின் மையம் யாரோ ஒருவருடைய வயலில் இருக்கலாம், கண்மாய்த் தண்ணீருக்குள் இருக்கலாம், மலைப்பாதை என்றால் பாறைக்குள்ளேகூட இருக்கலாம். அங்கே முளையடித்துக் கயிறு பிடிப்பது நடக்கிற காரியமில்லை. ஆனாலும் அந்த ஆரம் எவ்வளவு என்று ரயில்வேக்குத் தெரிந்தே ஆகவேண்டும். வளைவில் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்துவது, வண்டியை எந்த வேகத்தில் விடுவது என்பதெல்லாம் ஆரத்தைப் பொறுத்தது.

பாதையைப் பராமரிக்கிறவர்கள் இதற்குச் செய்வது மிக எளிமையான வேலை. தண்டவாளத்தில் 10 மீட்டருக்கு ஒன்றாகப் பெயின்டில் குறி போட்டிருக்கும். 20 மீட்டர் நீளமுள்ள மெல்லிய நைலான் கயிற்றை எடுத்து, வெளித் தண்டவாளத்தின் உட்பக்க விளிம்பில் ஒரு குறியிலிருந்து அடுத்ததற்கு அடுத்த குறி வரை இரண்டு பேர் விறைப்பாக இழுத்துப் பிடிப்பார்கள். இரு முனையும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுவில் மட்டும் தண்டவாளம் கயிற்றைவிட்டு விலகி நிற்கும். மூன்றாமவர் நடுக்குறியில் குனிந்து, அந்த இடைவெளியை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் படிப்பார். நாம் எடுத்துக்கொண்ட வளைவில் அது 143 மி.மீ. வரும்.

பாடப் புத்தகத்தில் படித்தது எல்லாமே இந்தக் காட்சியில் இருக்கிறது. கயிறு, நாண். தண்டவாளம், வில். நடுவில் அளந்த இடைவெளியைப் பழைய இந்தியக் கணித நூல்கள் சரம், அதாவது அம்பு என்றன. ரயில்வேயில் அதை வெர்சைன் என்பார்கள்.

143 மில்லிமீட்டரிலிருந்து 350 மீட்டருக்கு எப்படிப் போவது? அம்பை அப்படியே நேராக நீட்டினால் அது மையத்தின் வழியாகப் போய் எதிர்ப்பக்கப் பரிதியைத் தொடும். காரணம், நாணின் நடுப்புள்ளியில் எழுப்பிய செங்குத்துக்கோடு எப்போதும் மையத்தைக் கடந்தே தீரும். ஆக, அம்பு என்பது ஒரு விட்டத்தின் சிறு பகுதி. விட்டத்தின் இரு முனைகளையும் நாணின் ஒரு முனையோடு இணைத்தால் அங்கே 90 பாகைக் கோணம் கிடைக்கும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று படித்தோமே, அதுதான். அந்தச் செங்கோண முக்கோணத்தை அரைநாண் இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு துண்டுகளும் ஒரே வடிவம், அளவு மட்டும் வேறு. அதனால் விட்டத்தின் இரு பகுதிகளைப் பெருக்கினால் அரைநாணின் வர்க்கம் வந்துவிடும்.

அரைநாண் 10 மீட்டர், வர்க்கம் 100. விட்டத்தின் சிறு பகுதி 0.143 மீட்டர். 100-ஐ 0.143-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 700. இது விட்டத்தின் பெரும் பகுதி. இதோடு 14 சென்டிமீட்டரைக் கூட்டினால் முழு விட்டம். 700 மீட்டரில் அந்த 14 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை என்பதால் பொறியாளர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பாதி, 350. ஸ்கேலைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். 143-ஐ 142 என்று படித்தால் ஆரம் சுமார் இரண்டரை மீட்டர் கூடிவிடும். கயிறு தொய்யக் கூடாது, காற்றில் ஆடக் கூடாது என்று அவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த விதி யூக்ளிடின் மூன்றாம் புத்தகத்தில் இருக்கிறது. கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணித அதிகாரத்திலும் இருக்கிறது. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இதற்குக் கச்சிதமான ஒரு கணக்கு உண்டு: விட்டம் 10, நாண் 6, அம்பு எவ்வளவு? விடை 1. ஒன்றையும் மிச்சமுள்ள ஒன்பதையும் பெருக்கினால் 9. அரைநாண் மூன்றின் வர்க்கமும் 9. பிள்ளைகளுக்கு வட்டம் சொல்லிக்கொடுக்கும்போது சூத்திரத்துக்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். தாளில் வரைந்து அளந்தே சரிபார்த்துவிடலாம்.

ரயில் பாதைக்கு ஓர் அம்பு போதாது. நேர்பாதையில் அம்பு 0. நேர்கோடு வட்டத்தைத் தொடுகோடாக வந்து சேருமிடத்தில் பாதி வில், பாதி நேர்கோடு, அங்கே 71. அடுத்த குறியில் 143. இருபது மீட்டருக்குள் இப்படித் தாவினால் பெட்டிக்குள் நிற்கிறவர் பக்கவாட்டில் தள்ளப்படுவார். அதனால்தான் நேர்பாதைக்கும் வட்டத்துக்கும் நடுவே, அம்பு 20, 40, 60 என்று படிப்படியாக வளரும்படி ஓர் இடைவளைவு போடுகிறார்கள்.

வண்டிகள் ஓடி ஓடி வளைவு நாளடைவில் கோணும். 143 வரவேண்டிய குறிகளில் 150, 131, 148 என்று ஏறியும் இறங்கியும் வரும். அதைச் சீராக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குறியில் தண்டவாளத்தை 10 மி.மீ. வெளியே தள்ளினால் அங்கே அம்பு 10 கூடும். முன்னும் பின்னும் உள்ள குறிகளில் ஐந்தைந்து குறையும். கூடியதும் குறைந்ததும் சரிக்குச் சரி. எங்கே எவ்வளவு நகர்த்தினாலும் அம்புகளின் மொத்தக் கூட்டுத்தொகை மாறாது. அதனால் எந்தக் குறியில் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் என்று அத்தனையையும் கூட்டல் கழித்தலிலேயே தாளில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பாதையில் கடப்பாரை வைக்கிறார்கள்.