தலையில் அடிபட்டவரின் விமானப் பயணம்: மறைப்பதே பேராபத்து

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் எமது அம்பாறைக் கரையோர மக்களுக்கு விமானப் பயணம் புதுமையான ஒன்றல்ல. ஹஜ், உம்றாக் கடமைகளை நிறைவேற்றவும் மத்திய கிழக்கு நாடுகளில் தொழில் புரியவும் ஆண்டுதோறும் பலர் பயணமாகின்றனர். பயணத் திகதி குறிக்கப்பட்ட பின்னர் விபத்து நேர்வதும் உண்டு. மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவர் வீதியில் விழுகிறார். குளியலறையில் வழுக்கி மற்றொருவரின் தலை சுவரில் மோதுகிறது. இரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை என்றால் "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று ஆறுதல் அடைகிறோம். பயணம் தடைப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் அடிபட்ட செய்தியை வைத்தியரிடமும் முகவரிடமும் மறைத்துவிடுவோரும் உளர். உண்மையில் ஆபத்து விமானத்தில் இருப்பதைவிட இந்த மறைப்பிலேயே அதிகம் இருக்கிறது.

தலையில் விழும் அடியினால் மூளை மண்டையோட்டினுள் குலுங்கி, அதன் செயற்பாடு தற்காலிகமாகக் குழம்புவதே மூளையதிர்வு எனப்படும். இதற்கு மயக்கமடைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், மறதி, வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க இயலாமை, எரிச்சல், தூக்கக் குழப்பம் என்பன இதன் அறிகுறிகளாகும். சி.ரி. ஸ்கேன் பரிசோதனை மூளையதிர்வைக் காட்டுவதில்லை. இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்பதை உறுதி செய்யவே அது உதவுகிறது. முதல் ஓரிரு நாட்கள் ஓய்வெடுத்து, பின்னர் படிப்படியாக வழமைக்குத் திரும்பினால், வயதுவந்தோரில் பெரும்பாலானோர் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குணமடைகின்றனர். சிலருக்குக் கூடுதல் காலம் எடுக்கலாம்.

விமானத்தினுள் நடப்பது என்ன? விமானம் 10,000 மீற்றருக்கும் மேலே பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீற்றர் வரை உயரமான ஓரிடத்தில் நிலவும் அழுத்தத்துக்கு இணையாகப் பேணப்படுகிறது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. எனவே விமானத்தில் அமர்ந்திருப்பவர் நுவரெலியாவில், அல்லது அதனினும் சற்று மேலே இருப்பவரைப் போன்றே சுவாசிக்கிறார். இரத்தத்தில் ஒட்சிசன் சிறிதளவு குறையும். ஆரோக்கியமானவர் அதை உணர்வதில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வில், மூளையதிர்வுக்குப் பின் விரைவிலேயே விமானத்தில் பயணித்தவர்கள் குணமடைவதில் குறிப்பிடத்தக்க தாமதம் காணப்படவில்லை. ஆயினும் அவர்கள் இளம் வயதினர். வைத்தியக் கண்காணிப்பில் இருந்தவர்கள். அந்த முடிவை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது.

சிக்கலற்ற மூளையதிர்வுக்கு விமானம் பெரும் பகையல்ல என்றால், யாருக்கு அது ஆபத்தானது? முதலாவதாக, மண்டையோட்டில் வெடிப்பு ஏற்பட்டவர்களுக்கும் அண்மையில் தலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஆகும். இவர்களின் மண்டையோட்டினுள் காற்று புகுந்து தங்கியிருக்கலாம். அழுத்தம் குறையும்போது காற்று விரிவடையும். மூடிய தின்பண்டப் பொதி விமானத்தில் உப்பிப் போவது இதனாலேயே. விமானம் உயரும்போது அடைபட்ட காற்றின் கன அளவு சுமார் 30 சதவீதம் வரை பெருகக்கூடும். விரிவடைய இடமற்ற மண்டையோட்டினுள் அது மூளையை அழுத்தும். மூக்கினாலோ காதினாலோ தெளிந்த நீர் வடிந்தால் அடிமண்டையோட்டில் வெடிப்பு இருக்கக்கூடும். அத்தகையவர் விமானத்தைப் பற்றி நினைக்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, முதியவர்கள். வயது முதிரும்போது மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேலுறையோடு இணையும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சாதாரண அடியிலேயே அவை கிழிந்து இரத்தம் மெல்லமெல்லக் கசியலாம். இதன் அறிகுறிகள் வாரக்கணக்கில் கழிந்தே வெளிப்படுவதுண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்வோருக்கு இந்த அபாயம் மேலும் அதிகம். ஹஜ் பயணிகளில் கணிசமானோர் முதியவர்கள் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஊரில் விழுந்த செய்தி மறைக்கப்பட்டிருந்தால், மக்காவில் அவர் தடுமாறி நடப்பதையும் பேச்சுக் குழறுவதையும் உடன் இருப்போர் வெயிலின் களைப்பென்றோ முதுமையின் தளர்ச்சியென்றோ கருதிவிடுவர். காப்பாற்றக்கூடிய உயிர் அந்தத் தாமதத்தில் பறிபோகலாம்.

மேலும், எமது மக்களின் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குவதல்ல, கல்முனையிலேயே தொடங்கிவிடுகிறது. விமான நிலையத்தை அடைய ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வீதியில் செல்ல வேண்டும். மகியங்கனை வழியாயின் 'பதினெட்டு வளைவு' எனப்படும் மலைப்பாதையையும் கடக்க வேண்டும். இரவு முழுவதும் கண்விழிப்பு, வாகனக் குலுக்கம், பின்னர் நீண்ட வரிசைகள், அதன்பின்னரே விமானம். மூளையதிர்விலிருந்து மீண்டுவருபவரை விமானத்தைவிட இந்தத் தூக்கமின்மையே அதிகம் வாட்டும். எனவே ஒரு நாள் முன்னதாகச் சென்று கொழும்பிலோ நீர்கொழும்பிலோ உறங்கி எழுந்து புறப்படுவது நன்று.

அடிபட்டவர் முதலில் வைத்தியரிடம் பயணத் திகதியையும் உட்கொள்ளும் மருந்துகளையும் கூறி ஆலோசனை பெற வேண்டும். அறிகுறிகள் தணியும் வரை பயணத்தைப் பிற்போடுவதே சிறந்தது. அண்மையில் நோயுற்றோர், காயமுற்றோர் பற்றி வைத்தியர் நிரப்பிக் கொடுக்கும் படிவம் விமான நிறுவனங்களிடம் உண்டு. சக்கர நாற்காலி உதவியையும் முன்கூட்டியே கோரலாம். பயணத்தின்போது போதிய நீர் அருந்துதல், ஓசையைக் குறைக்கக் காதடைப்பான் அணிதல், கைப்பேசித் திரையைத் தவிர்த்தல் ஆகியன பயன்தரும். தலைவலிக்குரிய மாத்திரையையும் வைத்தியரைக் கேட்டே தெரிவு செய்ய வேண்டும். ஏனெனில் அஸ்பிரின் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். தொழிலுக்குச் செல்வோர் முழுமையாகக் குணமடையுமுன் உயரமான கட்டடங்களில் ஏறுவதும் வாகனம் ஓட்டுவதும் தகாது. மூளை தேறுவதற்குள் விழும் இரண்டாவது அடி முதல் அடியைவிடக் கொடியது.

தலைவலி கூடிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் ஆகியவற்றில் ஒன்றேனும் தோன்றினால் பயணத்தைக் கைவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவை நாட வேண்டும். ஆகாயத்தில் வைத்தியசாலை இல்லை.

உடலும் பொருளும் இயன்றவர் மீதே ஹஜ் கடமையாகிறது. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலும் சலுகை அளிக்கும் மார்க்கம் இது. ஆகவே, வைத்தியரின் சொற்கேட்டுத் திகதியை மாற்றுவது கடமையில் குறைவைப்பதாகாது. தவறிய பயணத்துக்கு இன்னொரு திகதி குறிக்கலாம். குடும்பத்தினர் முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் விழுந்த பெரியவரின் விழுகையை மறைக்காது வைத்தியரிடம் சொல்வதேயாகும்.