சுரங்க மண் புகட்டும் பாடம்

கொள்ளிடத்திற்கு வடக்கே, கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலிச் சுரங்கத்தை வேளாண்மை மாணவர்களுக்குக் காட்டும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தோண்டிய நிலத்தில் மீண்டும் பயிர் விளையுமா?" என்பதுதான். டெல்டா விவசாயப் பெருமக்களும் இதற்கு விடை அறிந்திருப்பது அவசியம்.

சுரங்கம் வந்த வரலாறு

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-ல் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, 1957-ல் தோண்டும் பணி ஆரம்பமாயிற்று. நிலக்கரியை எட்ட 1961 வரை ஆயிற்று. மேலே பல மீட்டர் கனத்திற்கு மண்ணும் மணற்கல்லும். கீழே அழுத்தத்துடன் பீறிடும் ஊற்று நீர். நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். இதற்காகப் பல கிராமத்தார் தம் நிலத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறினர்.

மேல்மண் போனால் என்ன ஆகும்?

நிலக்கரி எடுத்த பள்ளத்தில், தோண்டிய மண்ணையே கொட்டி நிரப்புகின்றனர். ஆனால் அடியில் கிடந்த மண் மேலே வந்துவிடுகிறது. அதில் அங்ககப் பொருளும் தழைச்சத்தும் நுண்ணுயிர்களும் மிகக் குறைவு. கனரக இயந்திரங்கள் ஓடுவதால் மண் இறுகி, வேர் இறங்குவதில்லை. மரம் வளர்த்தும், பயறு வகைகளும் பசுந்தாள் உரப் பயிர்களும் பயிரிட்டும், தொழு உரமிட்டும் இம்மண்ணைச் சீர்படுத்தலாம். எனினும் இது ஓரிரு போகத்தில் முடிகிற வேலையன்று.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மேல்மண்ணின் எடை சுமார் 800 டன். அதில் அங்ககக் கரிமம் அரை சதவீதமே என்றாலும் 4 டன் இருக்கும். நாம் இடும் 5 டன் தொழு உரத்தில் பாதிக்கு மேல் நீர்தான். எஞ்சியதிலும் பெரும்பகுதி விரைவில் மட்கி மறைந்துவிடும். இழந்ததை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியிலும் நிலக்கரிச் சுரங்கங்களால் காடும் ஓடைகளும் கெட்டன. அந்நாட்டில் 1977-ல் இயற்றப்பட்ட சட்டம், மேல்மண்ணைத் தனியே எடுத்துப் பாதுகாத்து மீண்டும் பரப்ப வேண்டும் என விதித்தது.

நாம் செய்ய வேண்டியவை

நம் வயலிலும் இதே தவறு சிறு அளவில் நிகழ்கிறது. செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்பதும், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிச் சமன் செய்வதும் வயலைச் சுரங்க மண்ணாக்கும்.

1. வயலைச் சமன் செய்யும் முன் மேல்மண்ணை ஒதுக்கி வைத்து, பின்னர் சீராகப் பரப்ப வேண்டும்.

2. மேல்மண் இழந்த வயலில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாட்களில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழவேண்டும்.

3. ஏக்கருக்கு 5 டன் தொழு உரத்துடன், அனுமதி பெற்று எடுத்த ஏரி வண்டலையும் இடலாம்.

4. மண் பரிசோதனைப்படி உரமிட வேண்டும். துத்தநாகக் குறை இருந்தால் 10 கிலோ துத்தநாக சல்பேட் இடலாம்.

டெல்டாவைக் காக்க 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஆயினும் 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்குச் சேத்தியாத்தோப்பு ஆகியவை நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. எதிர்ப்பு எழுந்த பின்னரே விலக்கப்பட்டன.

தோண்டிய நிலம் விளையும். ஆனால் காவிரி பல நூற்றாண்டுகளாகப் படியவைத்த வண்டலை நம் வாழ்நாளில் மீண்டும் உண்டாக்க இயலாது. இருப்பதைக் காப்பதே எளிது, செலவும் குறைவு.