கேள்வி கேட்கும் பக்தி

கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிற எல்லாரும் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட், மைக்கேல் ராஸுடன் 1967-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வகையினரைப் பிரித்துப் பார்த்தார்: ஊர் மதிப்புக்கும் ஆறுதலுக்கும் மதத்தைப் பயன்படுத்துவோர், மதத்தையே வாழ்க்கையாகக் கொண்டோர். ஐயத்தோடு தேடிக்கொண்டே இருப்போரை டேனியல் பேட்சன் பின்னர் மூன்றாவதாகச் சேர்த்தார். மனப்போராட்டம் இவர்களிடம்தான் கூடுதல் என்று பிற்கால ஆய்வுகள் சில காட்டின. உடனே, கேள்வி கேட்டால் நிம்மதி போய்விடும் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். ஒரே வேளையில் நிரப்பப்படும் வினாத்தாளை வைத்து, கேள்வி கலக்கத்தைத் தந்ததா, கலக்கம் கேள்வியைக் கிளப்பியதா என்று சொல்ல முடியாது.

ஆழ்ந்த பற்றுள்ளவருக்குப் போராட்டமே வராது என்பதும் சரியல்ல. 1997-இல் மறைந்த அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தன. கொல்கத்தா சேரிகளில் பணி தொடங்கிய காலத்திலிருந்து, சிறு இடைவெளி தவிர, ஏறக்குறைய 50 ஆண்டுகள் கடவுள் தன்னை விட்டு விலகிவிட்டதாகவே அவர் உணர்ந்திருக்கிறார். அக்கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டிருந்தார். ஒருவர் கதை விதியாகுமா என்று கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் 'கடவுள் இருக்கிறாரா?' என்ற குழப்பமும் 'ஏன் பேசமாட்டேன் என்கிறார்?' என்ற தவிப்பும் ஒன்றல்ல என்பதை அது காட்டிவிடுகிறது. மதம் சார்ந்த மனப்போராட்டங்களுக்காக உளவியலாளர் ஜூலி எக்ஸ்லைன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட அளவுகோல் இவ்விரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறது.