கூட்டுறவுச் சங்கக் கணக்கும் கணிப்பொறியும்

கூட்டுறவுச் சங்கம் கிராம மக்களின் பொதுச் சொத்து. அதன் நிர்வாகக் குழுவில் அமர்வோர் பெரும்பாலும் பயிர்த்தொழிலில் ஈடுபட்டோரேயன்றி, கணக்கியலிலோ பொறியியலிலோ பயிற்சி பெற்றவர் அல்லர். 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்ட காலந்தொட்டு இதுவே வழக்கம். இதனை ஒரு குறையாக நாம் கருதியதுமில்லை. நாள்வழியையும் பேரேட்டையும் புரட்டிப் பார்த்து, 'இத்தொகை யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது?' என்று கேட்கத் தெரிந்தால் போதும் என்பதே நமது அனுபவம்.

இப்போது அந்த நாள்வழியும் பேரேடும் கணிப்பொறிக்குள் இடம் மாறி வருகின்றன. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அப்போதைய திட்ட மதிப்பீடு 2,516 கோடி ரூபாய். இம்மாறுதல் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதனையொட்டி இருவகை மனப்பான்மை தோன்றியிருப்பதைக் காண்கிறோம். 'இது படித்த பிள்ளைகளின் வேலை. நமக்கு விளங்காது' என்று ஒதுங்குவது ஒன்று. 'இயந்திரம் தவறு செய்யாது' என்று முழுவதும் நம்பிவிடுவது மற்றொன்று. இவ்விரண்டுமே சங்கத்துக்குக் கேடு விளைவிப்பன.

பம்புசெட்டு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வித்தை உழவர் எல்லோருக்கும் தெரியாது. ஆனால் நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, எவ்வாய்க்கால் வழியே ஓடுகிறது, மடையைத் திறப்பவர் யார், கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பனவற்றை அவர் நன்கறிவார். கணிப்பொறி விஷயத்திலும் நிர்வாகிகளுக்கு வேண்டுவது இத்தகைய அறிவே.

கணிப்பொறி செய்வது என்ன?

ஓர் உறுப்பினருக்கு 50,000 ரூபாய் பயிர்க்கடன் வழங்குவதாகக் கொள்வோம். முன்னாளில் எழுத்தர் இதனை நாள்வழியில் எழுதி, பேரேட்டில் உறுப்பினர் பெயரில் ஏற்றி, பின்னர் மாதக் கணக்கிலும் சேர்ப்பார். ஒரே தொகையைப் பன்முறை எழுதும்போது எண்கள் மாறிவிடுவதுண்டு. கணிப்பொறியில் ஒருமுறை பதிந்தால் போதும். ஏனைய ஏடுகளுக்கெல்லாம் அத்தொகை தானே சென்று சேரும். வட்டிக் கணக்கும் நொடியில் முடியும்.

நன்மை எவ்வழியில் வருகிறதோ அவ்வழியிலேயே ஆபத்தும் வரலாம் என்பதை நாம் மறக்கலாகாது. முதற்பதிவு தவறானால், அத்தவறும் எல்லா ஏடுகளுக்கும் அப்படியே பரவும். மேலும், அலுவலக மேசைமீதுள்ள பெட்டிக்குள்தான் கணக்கு முழுவதும் இருக்கிறது என்று எண்ணுதலும் பொருந்தாது. பொதுவான மென்பொருளைப் பயன்படுத்தும் சங்கத்தின் பதிவுகள் தொலைவிலுள்ள 'சர்வர்' என்னும் பெரிய கணிப்பொறியில் சேமிக்கப்படுகின்றன. ஆகவே, கணக்கைத் தொடக்கூடியவர்கள் நம் அலுவலகத்தில் மட்டுமே இருக்கிறார்கள் என்று கொள்வதற்கில்லை.

பிரிட்டன் கற்ற பாடம்

இவ்வெச்சரிக்கை வீண் அச்சமன்று என்பதற்குப் பிரிட்டன் நாட்டில் நிகழ்ந்ததே சான்று. அங்கே சிற்றூர்களிலுள்ள தபால் நிலையங்கள் பலவற்றைச் சிறு கடைக்காரர்களே ஒப்பந்த முறையில் நடத்தி வருகின்றனர். 1999-ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணிப்பொறிக் கணக்குமுறை அந்நிலையங்களில் புகுத்தப்பட்டது. அதன்பின் பல நிலையங்களில், கையிலுள்ள பணத்துக்கும் கணிப்பொறி காட்டிய தொகைக்கும் இடையே வேறுபாடு தோன்றிற்று. குறைந்த தொகையை ஈடுசெய்யுமாறு பொறுப்பாளர்கள் வற்புறுத்தப்பட்டனர். 'எங்கள்மீது தவறில்லை' என்று அவர்கள் முறையிட்டதை எவரும் செவிமடுக்கவில்லை. 1999 முதல் 2015 வரையுள்ள காலத்தில் 900-க்கு மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் சொத்தையும் நற்பெயரையும் இழந்தனர்.

அக்கணக்குமுறையில் பிழைகள் இருந்தன என்றும், நிலையத்துக்கு வெளியிலிருந்தே அதன் கணக்கில் மாற்றம் செய்ய இயலும் என்றும் 2019 டிசம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேருடைய தண்டனைகளை நீக்கியது. எஞ்சியோருள் பலருக்கு விடுதலையளிக்க 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இயந்திரத்தில் பிழை நேர்வது வியப்பன்று. 'கணிப்பொறி சொல்வதே சரி' என்று கொண்டு, மேலிருந்தோர் கேள்வி கேட்கத் தவறியதே பெருந்துன்பத்துக்குக் காரணமாயிற்று. நமது சங்கத்துச் செயலாளரோ, ஏழை உறுப்பினரோ இத்தகைய பழிக்கு ஆளாகாமல் காப்பது நிர்வாகக் குழுவின் கடமையாகும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது, 'இப்பதிவுக்கு ஆதாரம் எங்கே?' திரையில் காணும் ஒவ்வொரு தொகைக்கும் மனு, ரசீது, தீர்மானம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, 'இதனைப் பதிந்தவர் யார்? பின்னர் மாற்றியவர் யார்?' செம்மையாக அமைந்த கணக்கு மென்பொருள், பதிந்தவர் பெயரையும் நாளையும் நேரத்தையும் குறித்து வைக்கும். அக்குறிப்பைக் காட்டுமாறு கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அது முறையான மேற்பார்வை.

மூன்றாவது, 'மறுபடி உள்ளதா?' மின்சாரமோ இணைப்போ தடைபட்டால் பணி எவ்வாறு நடைபெறும், பழுது நேர்ந்தால் கணக்கை எங்கிருந்து மீட்பது என்பவற்றை முன்கூட்டியே அறிந்து வைத்தல் நலம்.

நான்காவது, 'தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? திருத்த எத்தனை நாளாகும்?' முறையீட்டை எழுத்தில் கொடுத்து, அதற்குரிய எண்ணைப் பெற்று வைத்தல் வேண்டும்.

கையொப்பம் கைமாறலாகாது

இனி, மின்னணுக் கையொப்பத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குச் சட்ட மதிப்பு அளித்துள்ளது. ஊராட்சிகளுக்கென 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ-கிராம் சுவராஜ் முறையிலும் பணம் வழங்க இக்கையொப்பம் பயன்படுகிறது. ஒருவருக்கென வழங்கப்பட்ட இரகசியத் திறவுகோல் ஒரு சிறு கருவிக்குள் வைக்கப்பட்டிருக்கும். கையொப்பமிட்ட பின் ஆவணத்தில் ஓரெழுத்து மாறினாலும் சோதனையில் அது வெளிப்பட்டுவிடும். ஆனால் கருவியைக் கையில் வைத்திருப்பவர் அதன் உரிமையாளர்தாமா என்பதைக் கணிப்பொறி அறியாது. கருவியும் அதற்குரிய கடவுச்சொல்லும் பிறரிடம் சென்றால், அவர் இடும் கையொப்பம் நம்முடையதாகவே கொள்ளப்படும்.

'வேலை விரைவாக நடக்கட்டும்' என்று இக்கருவியை எழுத்தரிடமோ வெளியாரிடமோ ஒப்படைப்பது, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அத்தகையதே. கேட்பவர் எவராயினும் அதனைச் சொல்லுதல் கூடாது. மோசடியால் பணம் பறிபோனதாகத் தெரிந்தால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவித்தல் வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. பணம் செலுத்தியவுடன் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள தொகை பாஸ் புத்தகத்திலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகக் குழுவினர் மாதந்தோறும் ஏதேனும் பத்துக் கணக்குகளைத் தெரிந்தெடுத்து, திரையிலுள்ள தொகையை ரசீதோடும் உறுப்பினரின் புத்தகத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த பழக்கமாகும். இதற்கு ஆங்கிலப் புலமையோ பொறியியல் அறிவோ வேண்டுவதில்லை. ஒரு மணி நேரப் பொறுமையே போதும்.

கணக்கை எழுதும் கருவி மாறியிருக்கிறது. கணக்குக்குப் பொறுப்பேற்கும் கடமை மாறவில்லை. அடுத்த கூட்டத்திலேயே இந்நான்கு கேள்விகளையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.