ஆங்கில 'ஐ', 'மீ' குழப்பத்துக்குத் தமிழில் இருக்கிறது விடை

"பிட்வீன் யூ அண்ட் ஐ" என்று எழுதும் மாணவர்கள் அலட்சியத்தால் அப்படி எழுதுவதில்லை. பிழையில்லாமல் எழுத வேண்டும் என்ற அக்கறையால்தான் எழுதுகிறார்கள். பாயான் லெப்பாஸில் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். கட்டுரைத் தாளில் நான் அதிகம் வட்டமிடும் பிழைகளில் இதுவும் ஒன்று. சரியான வடிவம் "பிட்வீன் யூ அண்ட் மீ".

இந்தப் பிழைக்கு வித்திட்டவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். சிறு பிள்ளை "மீ அண்ட் ரவி வென்ட்" என்றால், "ரவி அண்ட் ஐ என்று சொல்" எனத் திருத்துகிறோம். காரணத்தைச் சொல்வதில்லை. 'ஐ' மரியாதையான சொல், 'மீ' கொச்சை என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. வளர்ந்த பிறகு "டீச்சர் கால்ட் ரவி அண்ட் ஐ" என்று எழுதுகிறது. அங்கே வரவேண்டியது 'மீ'.

மலாய் மொழிப் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மலாயில் நான் அழைத்தாலும் 'சாயா', என்னை அழைத்தாலும் 'சாயா'தான். சொல் மாறுவதே இல்லை. நாள் முழுக்க மலாயில் பாடம் படிக்கும் மாணவருக்கு, ஆங்கிலத்தில் மட்டும் இது ஏன் மாற வேண்டும் என்று தோன்றுவது இயல்பே.

ஆனால், தமிழ் தெரிந்த பிள்ளையிடம் இதற்கு ஒரு சாவி இருக்கிறது. நம் மொழியில் நான், என்னை, எனக்கு என்று சொல் மாறிக்கொண்டே இருக்கிறது. வேற்றுமைக்குத் தொல்காப்பியத்தில் தனி இயலே உண்டு. ஆங்கிலத்திலோ 'ஐ–மீ', 'ஹீ–ஹிம்', 'ஷீ–ஹெர்', 'வீ–அஸ்', 'தே–தெம்', 'ஹூ–ஹூம்' என்று ஒருசில சொற்களில்தான் இந்த மாற்றம் தெரிகிறது.

தயங்கும் மாணவரிடம், "இதைத் தமிழில் சொல்லிப் பார்" என்பேன். "ஆசிரியர் ரவியும் நானும் அழைத்தார்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. "ரவியையும் என்னையும்" என்றுதான் வரும். 'என்னை' வந்தால் ஆங்கிலத்தில் 'மீ'. அதேபோல் "உனக்கும் எனக்கும் இடையே" என்போமே தவிர, "நீயும் நானும் இடையே" என்று சொல்ல மாட்டோம். 'ஹூம்' கூட எளிதாகிவிடும். 'யார்' என்றால் 'ஹூ'. 'யாரை', 'யாருக்கு' என்றால் முறையான எழுத்தில் 'ஹூம்'.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "எனக்குத் தெரியும்" என்பது ஆங்கிலத்தில் "ஐ நோ". "என்னால் முடியும்" என்பது "ஐ கேன்". இங்கெல்லாம் தமிழ் உருபை அப்படியே கொண்டுபோனால் சறுக்கிவிடும். அதனால் இரண்டாவது சோதனை ஒன்றையும் கற்றுத் தருகிறேன். கூட இருக்கும் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும். "டீச்சர் கால்ட் ஐ" என்று படித்ததும் காதே பிழையைச் சொல்லிவிடும். "டாலர் தேன் ஐ" என்பதா, "தேன் மீ" என்பதா என்ற சந்தேகம் வந்தால், "தேன் ஐ ஆம்" என்று முடித்து எழுதிவிடலாம். பேச்சில் "இட்ஸ் மீ" என்பதை நான் திருத்துவதே இல்லை. கடிதம், தேர்வு, விண்ணப்பம் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும்.

இந்தச் சிறு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். 1972இல் இங்கே தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கிய காலத்திலிருந்து வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தபடி இருக்கின்றன. அங்கே வேலை என்றால் ஆங்கில மின்னஞ்சலும் உண்டு. 'ஐ'யா, 'மீ'யா என்று பயந்து, "பிளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்" என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதுவும் பிழைதான். தயக்கம் வளர்ந்தால் எழுதுவதையே தவிர்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அண்மையில் ஒரு தாயார் கேட்டார்: "டீச்சர், மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் ஆங்கிலத்தில் தடுமாறுகிறானோ? சின்னவனை வேறு பள்ளியில் போடலாமா?" அவர் மகனின் தாளை எடுத்துக் காட்டினேன். அந்த மாதம் பத்து வாக்கியங்களில் ஒன்பதைச் சரியாக எழுதியிருந்தான். ஓரத்தில் பென்சிலால் 'என்னை', 'எனக்கு' என்று குறித்து வைத்திருந்தான்.

தமிழ் தெரிந்தால் மட்டும் ஆங்கிலம் வந்துவிடாது. தினமும் வாசிக்க வேண்டும், எழுத வேண்டும். ஆனால் தமிழைக் கைவிட்டால் ஆங்கிலம் வரும் என்பது வீண் கணக்கு. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை. அதற்கு ஆங்கிலப் பயம் மட்டும் காரணமாக இருக்க வேண்டாம் என்றேன்.