திரும்பி வரும் பேட்டரி: குற்றம் பேட்டரியிலா, வண்டியிலா?

மோட்டார் சைக்கிள் பேட்டரி விற்கும் நம் உறுப்பினர்களுக்குப் பழக்கமான காட்சி இது. விற்ற மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். "அண்ணாச்சி, செல்ஃப் எடுக்கவே மாட்டேங்குது, மாத்திக் குடுங்க" என்பார். வாடிக்கை கெட்டுப்போகுமே என்று நாமும் புதியதைக் கொடுத்துவிடுகிறோம். பழையதைச் சோதித்த கம்பெனி, தயாரிப்பில் குறை இல்லை என்று கிளெயிமைத் திருப்பினால் நஷ்டம் நம் தலையில்.

என் கடையில் ஒருவருக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் முறைதான் வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். என்ஜின் ஓடும்போது மீட்டர் 16 வோல்ட்டைத் தாண்டியது. ரெகுலேட்டர் பழுது. இரண்டு பேட்டரிகளையும் உள்ளே கொதிக்க வைத்தது அதுதான். அன்று முதல் பேட்டரியை மட்டும் வாங்கிப் பார்ப்பதில்லை. வண்டி வர வேண்டும்.

இதற்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் பேட்டரியின் இரு முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால். 12க்குக் கீழே ஏறக்குறைய காலி. சார்ஜ் போட்டும் 10.5 அருகிலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6; ஒன்று போனால் மிச்சம் 10.5தானே. இதை ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுப்பதே முறை. ஆசிட் ஊற்றும் வகையில் ஹைட்ரோமீட்டர் அளவு ஒரு செல்லில் மட்டும் 0.050 குறைந்தாலும் அப்படியே. சீல் செய்த பேட்டரியின் மூடியைத் திறக்கவே கூடாது.

முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி, செல்ஃப் பட்டனை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் சந்தேகம் பேட்டரி மீது. 12லேயே நின்றும் செல்ஃப் சுற்றவில்லையென்றால் ரிலே, வயர், எர்த், மோட்டார் ஆகியவற்றில் தேட வேண்டும். துரு ஏறிய டெர்மினலைத் தேய்த்து இறுக்கியதும் சரியான வண்டிகள் ஏராளம்.

அடுத்து, ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கிப் பிடித்து அளவிடுங்கள். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பாருங்கள். 12.6ஐ விட்டு ஏறவே இல்லையென்றால் சார்ஜ் வரவில்லை. முதலில் ஸ்டேட்டர் காயில் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், கருகி இருக்கும். இல்லையென்றால் மீட்டரை ஏ.சி.யில் வைத்து, காயிலிலிருந்து வரும் ஒரே நிற மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக அளக்கவும். மூன்று அளவும் ஒன்றாக இருந்து, வேகத்தோடு ஏற வேண்டும். ஒரு ஜோடி குறைந்தால் காயில் போச்சு. மூன்றும் சரியென்றால் ரெகுலேட்டர். சில சிறிய வண்டிகளில் காயிலின் ஒரு முனை எர்த்திலேயே இருக்கும். அங்கே இந்தச் சோதனை பொருந்தாது, மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

"ரெண்டு நாள் நிறுத்தினா இறங்கிடுது" என்பவரிடம், அலாரம், கூடுதல் விளக்கு ஏதாவது மாட்டினீர்களா என்று கேளுங்கள். சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் மாட்டுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர் ஓடுவது சகஜம். 50 ஓடினால் ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-அவர் கரையும். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கு நாளில் காலி.

நம் பக்கமும் தவறு உண்டு. ஆசிட் ஊற்றியதும் முதல் சார்ஜ் போடாமல் மாட்டி அனுப்புகிறோம். 5 ஆம்பியர்-அவருக்கு அரை ஆம்பியரில் நிதானமாக ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார்தான், மறுநாள் வரச் சொல்லுங்கள். ஆசிட் ஊற்றிச் சீல் செய்து வரும் சரக்கில் பழையதை முதலில் விற்று, அலமாரியில் நிற்பதை அவ்வப்போது அளந்து, 12.4க்கு இறங்கினால் சார்ஜ் போடுங்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் புதிய வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். கிக்கரும் பலவற்றில் இல்லை. பேட்டரி இறங்கினால் வண்டி நகராது. வாடிக்கையாளர் கோபத்தோடுதான் வருவார். அவர் எதிரிலேயே அளந்து காட்டினால் பாதிக் கோபம் அங்கேயே தணியும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. நின்ற நிலை, செல்ஃப் அடிக்கும்போது, ஓடும்போது என்ற மூன்று அளவுகளையும் தேதி போட்டு வாரண்டி கார்டின் பின்புறம் எழுதி, கிளெயிமோடு ஒரு நகல் அனுப்புகிறேன்.