சறுக்கிப் பார்த்து வாங்கும் ஸ்கீ

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் விமானத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்தவர் ஹோவர்ட் ஹெட். 1947-இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவ் மலைக்குப் பனியில் சறுக்கப் போனபோது, அன்று புழக்கத்தில் இருந்த கனத்த மர ஸ்கீகள் அவருக்குப் பிடிபடவே இல்லை. விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத் தகட்டைக் கொண்டு இதைவிட நல்ல ஸ்கீ செய்யலாம் என்று வேலையில் இறங்கினார். முதலில் செய்த 6 ஜோடிகளை ஸ்டோவ் பயிற்சியாளர்களிடம் கொடுத்தார். ஆறும் உடைந்தன. புதிதாகச் செய்வது, பயிற்சியாளரிடம் கொடுத்துச் சறுக்கச் சொல்வது, உடைந்ததையும் வளைந்ததையும் திரும்ப வாங்கித் திருத்துவது என்று அடுத்த சில ஆண்டுகள் கழிந்தன. சுமார் 40 வடிவங்களைத் தாண்டிய பிறகுதான், 1950-இல், விற்பனைக்குத் தேறிய உலோக ஸ்கீ அவருக்குக் கிடைத்தது.

பட்டறையில் எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஸ்கீயின் குணம் பனியில்தான் தெரியும். இன்று அந்தச் சோதனையைச் செய்யும் வாய்ப்பு வாங்குபவருக்கே கிடைக்கிறது. கொலராடோவோ ஆஸ்திரியாவோ, பெரிய பனிச்சறுக்குத் தலங்களின் அடிவாரக் கடைகளில் ‘டெமோ’ ஸ்கீகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒரு நாள் கட்டணம் கட்டினால் அந்த ஆண்டின் புது மாடல்களை மாற்றி மாற்றி எடுத்துப் போகலாம். அதே கடையில் வாங்கினால் கட்டணத்தை விலையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தயாரிப்பு நிறுவனங்களே மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு ஸ்கீ கொடுக்கும் டெமோ நாட்களும் நடக்கின்றன.

அமெரிக்கக் கடைகளில் நல்ல ஸ்கீ ஒரு ஜோடி 700, 800 டாலருக்குப் போகிறது. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் பல நேரம் தனிக் கணக்கு. ஒருமுறை வாங்கினால் பல சீசன்களுக்கு அதுதான். அதனால் சறுக்கிப் பார்த்து வாங்குவதே சரி. இருந்தும், நான்கு ஜோடிகளை மாற்றிப் பார்த்துவிட்டு எது பிடித்தது என்று சொல்லத் தெரியாமல் திரும்புபவர்கள் ஏராளம். காலை 9 மணிக்குக் கெட்டியாக இருந்த பனி மதியம் இளகிவிடுகிறது. ஒரு ஜோடியின் விளிம்பு கூராகவும் இன்னொன்றுடையது மழுங்கியும் இருக்கிறது. கடைசி ஜோடியை மாட்டும்போது தொடை களைத்துவிடுகிறது. கடை விளக்கில் பார்த்த சேலையின் நிறம் வெயிலில் வேறாகத் தெரிவதுபோல, டெமோ நாளில் தெரியும் குணத்தில் பாதி அந்த நாளுக்குச் சொந்தம். அதைக் கழித்துவிட்டு ஸ்கீயின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பதுதான் வாங்குபவர் செய்ய வேண்டிய வேலை.

எண்களைப் படிப்பது

மலையேறும் முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஸ்கீயின் மேற்பரப்பில் சிறிய எழுத்தில் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 130–90–115 என்று இருந்தால் அது முனை, நடு, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். பக்கத்திலேயே நீளம் செ.மீ.யிலும், திரும்பும் ஆரம் மீட்டரிலும் இருக்கும். இவற்றைப் படிக்கத் தெரிந்தால் வரிசையில் நிற்பவற்றில் பாதியைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது நடு அகலம். ஏறத்தாழ 65 முதல் 80 மி.மீ. வரை உள்ளவை, இரவில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய கெட்டித் தடங்களுக்கு ஏற்றவை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சட்டென்று சாயும். 80 முதல் 100 வரை உள்ளவை, தடத்திலும் தடத்துக்கு வெளியிலும் கலந்து சறுக்குபவர்களுக்கு. 105-ஐத் தாண்டினால் அது ஆழமான புதுப் பனிக்கானது. அகலம் கூடினால் ஸ்கீ புதையாமல் மிதக்கும். ஆனால் கெட்டிப் பனியில் அந்த அகலமே சுமையாகிவிடும். விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து தள்ளிப் போவதால், ஸ்கீயைச் சாய்த்து நிறுத்தக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆரம் என்பது, ஸ்கீயை விளிம்பில் சாய்த்து நிறுத்தினால் அது தானாக வரையும் வட்டத்தின் அளவு. பக்கவாட்டில் நடுப்பகுதி எவ்வளவு உள்வாங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு வட்டம் சிறியது. 1993-இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.சி.எக்ஸ். மாடலில் இந்த உள்வளைவு துணிச்சலாகக் கூட்டப்பட்டிருந்தது. அதுவரை 2 மீட்டர் நீளத்தில், கிட்டத்தட்ட நேராக இருந்த ஸ்கீகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சாதாரண மக்கள், அடுத்த சில ஆண்டுகளில் குட்டையான ஸ்கீகளில் அழகாகத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். பந்தய விதிகளைப் பார்த்தால் ஆரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள மதிப்பு விளங்கும். உலகக் கோப்பையில், நெருக்கமான திருப்பங்கள் கொண்ட ஸ்லாலம் பந்தயத்துக்கு ஆண்களின் ஸ்கீ குறைந்தது 165 செ.மீ. இருந்தால் போதும். அகன்ற திருப்பங்கள் கொண்ட ஜயன்ட் ஸ்லாலத்துக்கோ குறைந்தது 193 செ.மீ. நீளமும் 30 மீட்டர் ஆரமும் வேண்டும். அந்தப் பெரிய ஸ்கீயை வளைக்கப் பந்தய வீரரின் வேகமும் பலமும் தேவை. விடுமுறைக்கு மலைக்கு வருபவருக்கு 13 முதல் 18 மீட்டர் வரையிலான ஆரமே பெரும்பாலும் ஒத்துவரும்.

இன்னொரு குணம் எண்ணில் தெரியாது. ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நடுப்பகுதி மேலே வளைந்து நின்றால் அது ‘கேம்பர்’. சறுக்குபவரின் எடையில் அது அமுங்கி, விளிம்பு முழுநீளத்துக்கும் பனியைப் பிடிக்கும். முனையும் வாலும் முன்னதாகவே தரையை விட்டு எழுந்தால் ‘ராக்கர்’. இதைப் பெரிய அளவில் யோசித்தவர் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி. 2002-இல் அவர் யோசனையில் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பாட்டுலா, நடுவில் 125 மி.மீ. அகலமும் தலைகீழ் வளைவும் கொண்டது. ஆழமான பனிக்காக மட்டுமே பிறந்த ஸ்கீ அது. இன்று பல மாடல்களில் காலுக்கு அடியில் கேம்பரும் முனையில் ராக்கரும் கலந்திருக்கின்றன. ராக்கர் உள்ள 177 செ.மீ. ஸ்கீ கெட்டிப் பனியில் அதைவிடக் குட்டையானதுபோல நடந்துகொள்ளும். அதனால் டெமோவில் ஒரே மாடலை இரண்டு நீளங்களில் கேட்டு வாங்கிப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

கடை மேசையில்

டெமோ கடைக்காரர் முதலில் கேட்பது பூட்ஸை. அதன் பக்கவாட்டில், குதிகால் அருகே, அடிப்பாகத்தின் நீளம் 305, 315 என்று மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்து, ஸ்கீயின் மேல் முன்னும் பின்னும் நகரும் பைண்டிங்கின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அந்த அளவுக்குத் தள்ளி நிறுத்துவார். பிறகு ஒரு படிவம் வரும்: எடை, உயரம், வயது, சறுக்கும் விதம். இவற்றோடு பூட்ஸ் நீளத்தையும் சேர்த்து, ஐ.எஸ்.ஓ. 11088 தரத்தின் அட்டவணைப்படி பைண்டிங் எந்த அழுத்தத்தில் காலை விடுவிக்க வேண்டும் என்று தீர்மானிக்கப்படுகிறது. குறைவாக வைத்தால் திருப்பத்தின் நடுவில் ஸ்கீ கழன்றுகொள்ளும். அதிகமாக வைத்தால் விழும்போது கழலாமல் காலை முறுக்கும். படிவத்தில் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் எழுதுவது ஆபத்து.

பூட்ஸ் எப்போதும் சொந்தமாகவே இருக்க வேண்டும். காலின் அசைவு ஸ்கீக்குப் போய்ச் சேருவது பூட்ஸ் வழியாகத்தான். வாடகை பூட்ஸ் தளர்வாக இருந்தால், உலகின் சிறந்த ஸ்கீயும் சொன்ன பேச்சைக் கேட்காது.

கடையை விட்டுக் கிளம்பும் முன் விளிம்பைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். நகத்தின் மேற்பரப்பை எஃகு விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்தால், கூரான விளிம்பு நகத்தை மெல்லிய தூளாகச் சீவும். சீவவில்லை என்றால் மழுங்கியிருக்கிறது. அடிப்பரப்பின் குறுக்கே ஒரு நேர்க்கம்பியை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் குழிந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். குழிந்திருந்தால் ஸ்கீ பனியைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கும். இந்தக் கோளாறுகள் இருந்தால் கடைக்காரரிடம் சொல்லித் தீட்டி வாங்க வேண்டும். மழுங்கிய விளிம்போடு போய், ‘இந்த மாடல் வழுக்குகிறது’ என்று தீர்ப்புச் சொல்வது அந்த ஸ்கீக்குச் செய்யும் அநியாயம்.

டெமோ பைண்டிங்குகள் வழக்கமானவற்றைவிடக் கனமானவை. சற்று உயரமாகவும் நிற்கும். ‘ஸ்கீ கொஞ்சம் கனம்’ என்று தோன்றினால் அதில் ஒரு பங்கு பைண்டிங்குடையது.

மலையில் ஒப்பிடுவது

முதல் சறுக்கல் சொந்த ஸ்கீயில் இருக்கட்டும். அன்றைய பனி எப்படி, உடம்பு எப்படி என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரே சரிவில் முதல் டெமோ ஜோடி, அடுத்து இரண்டாவது, மீண்டும் முதலாவது. இந்த மறுபார்வையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பனி மாறியதா, ஸ்கீ மாறியதா என்று பிரித்துச் சொல்ல வேறு வழி இல்லை. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் சறுக்கல் பழகுவதற்கு; கணக்கில் சேர்ப்பது இரண்டாவதிலிருந்து.

சறுக்கும்போது சில தனிக் கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். முனை திருப்பத்துக்குள் தானாக நுழைகிறதா, தள்ள வேண்டியிருக்கிறதா? நடுத் திருப்பத்தில் விளிம்பு பிடிக்கிறதா, நழுவுகிறதா? முடிவில் வால் விடுகிறதா, இழுத்துக்கொண்டே போகிறதா? வேகம் கூடும்போது முனை படபடக்கிறதா? சிறு திருப்பம், பெரிய திருப்பம், மேடுபள்ளம், மற்றவர்கள் கிளறிப்போட்ட பனி என்று எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். மேலே போகும் லிஃப்ட்டில் உட்கார்ந்தபடியே நான்கு வரி குறித்துக்கொண்டால் நல்லது. மூன்றாவது ஜோடிக்குள் முதலாவதன் நினைவு கலங்கிவிடும்.

ஏறத்தாழ ஒரே அகலம் கொண்ட இரண்டு ஸ்கீகள் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு ஃபோக்கல் மந்த்ரா எம்6, சாலமன் க்யூ.எஸ்.டி. 98 இரண்டும் நல்ல உதாரணம். முதலாவதன் நடு அகலம் 96 மி.மீ., இரண்டாவதுடையது 98. மந்த்ராவில் டைட்டானல் சட்டகம் உண்டு. டைட்டானல் என்பது, பெயரைப் பார்த்துப் பலர் நினைப்பதுபோல டைட்டானியம் அல்ல. வலுவான அலுமினியக் கலவை. அது அதிர்வை விழுங்கும். வேகமாகப் போகப் போக ஸ்கீ அமைதியாகும். மெதுவாகச் சறுக்குபவருக்கோ அதே ஸ்கீ முரண்டு பிடிப்பதுபோலத் தோன்றும். க்யூ.எஸ்.டி.யில் முனையின் அதிர்வைக் குறைக்கத் தக்கை வைத்திருக்கிறார்கள். அது இலகுவாகச் சுழலும், மரங்களுக்கு நடுவே நெளிந்து போக ஏற்றது; உறைந்த சரிவில் முழு வேகத்தில் மந்த்ரா தரும் உறுதியை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அட்டவணையில் 2 மி.மீ. வித்தியாசம் மட்டுமே காட்டும் இந்த ஜோடிகளைக் காலில் மாட்டினால், இரண்டு திருப்பத்துக்குள் வேறு வேறு என்பது தெரிந்துவிடும்.

முடிவெடுப்பது

டெமோ நாளில் மனதைப் பறிக்கும் ஸ்கீ எப்போதும் வாங்க வேண்டிய ஸ்கீ அல்ல. முந்தைய இரவு நல்ல பனிப்பொழிவு இருந்திருந்தால், 110 மி.மீ. ஸ்கீயில் பறப்பதுபோல இருக்கும். ஆனால் சறுக்குபவர் வருடத்தில் பெரும்பாலான நாட்களை வெர்மான்ட்டின் உறைந்த தடங்களில் கழிப்பவர் என்றால், 80-ஐ ஒட்டிய ஸ்கீதான் அவருக்கு நியாயம் செய்யும். யூட்டாவின் ஆல்ட்டாவில் விழும் உலர்ந்த, இலகுவான பனிக்கு அகலம் தேவை. காஷ்மீரின் குல்மார்க்கில் இந்த இரண்டும் ஒரே மலையில் இருக்கின்றன: கீழே பயிற்சிக்கான மென்சரிவுகள், கோண்டோலா கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் 3,900 மீட்டருக்கு மேல் அபர்வத் மலையின் சமப்படுத்தாத ஆழப்பனி. எங்கே எத்தனை நாள் சறுக்குகிறோம் என்று எழுதிப் பார்த்துவிட்டு, அதிக நாட்களைப் பிடிக்கும் பனிக்கு ஸ்கீ வாங்க வேண்டும். அபூர்வமான ஆழப்பனி நாளுக்கு அகல ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மாலை 3 மணி இன்னொரு நல்ல நீதிபதி. களைத்த கால்களோடு, கிளறிக் குவிந்த பனியில், தவறாக எடுத்த திருப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஸ்கீ எது என்று பார்க்க வேண்டும். காலையில் புத்துணர்வோடு இருக்கும்போது கடினமான ஸ்கீயும் இனிக்கும்.

வாங்கும் நேரமும் முக்கியம். சீசன் முடியும் மார்ச், ஏப்ரலில் கடைகள் விலையைக் குறைக்கின்றன. பல மாடல்கள் ஆண்டுக்கு ஆண்டு மேற்பரப்பின் வண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்வதால், சென்ற ஆண்டுச் சரக்கை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம். டெமோ ஜோடிகளையே கடைகள் சீசன் முடிவில் மலிவாக விற்பதும் உண்டு. அவற்றில் விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அடியில் ஆழமான கீறல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கடைசி வேலை, பைண்டிங் பொருத்துவது. துளை போட்டுவிட்டால் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஸ்கீயின் நடுவே தயாரிப்பாளர் ஒரு கோடு போட்டிருப்பார். பூட்ஸின் அடியில் உள்ள நடுக் குறி அந்தக் கோட்டில் வர வேண்டும் என்பது பொதுவிதி. டெமோவில் பைண்டிங்கை 1 செ.மீ. முன்னால் தள்ளிப் பார்த்து அது பிடித்திருந்தால், அந்த அளவைக் குறித்துக் கொடுத்து, துளைக்கருவியை எடுக்கும் முன் கடைக்காரர் அதே இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.